மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்

ஓர் இயந்திரத்தை ஆக்குபவன் அதற்கு ஏற்ற உணவு எது என்பதையும் வரையறுத்தே அதனை உலகிற்கு அனுப்புகின்றான். பெற்றோலுக்கென ஆக்கப்பட்டது பெற்றோலையும், டீசலுக்கென ஆக்கப்பட்டது டீசலையும் உண்டு உழைக்கும். ஆயினும், விதித்த உணவு கிடையாத காலத்தில் வேறு உணவைக் கொடுத்து அதனிடம் வேலை வாங்கிய மக்களும் உளர். கடந்த நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு ஆகிய வன்னிப் பகுதிகளில் வாழ்ந்தோர் பழைய மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெயால் ஓட்டினர். அவர்கள் அதனை எவ்வாறு செய்தனர், ஏன் அது இயலுவதாயிற்று, அதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குச் செல்லும் பொருள்களின் மேல் தடைகள் விதிக்கப்பட்டன. பெற்றோல், டீசல், மின்கலங்கள், சீமெந்து, உரம் முதலியன அத்தடைக்குள் அடங்கின. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் பின்னர் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகரும் போருக்குள் அகப்படவே, மல்லாவி, புதுக்குடியிருப்பு முதலிய ஊர்கள் மக்கள் திரண்டு வாழும் இடங்களாயின. மக்கள் தொகை பெருகிற்று. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் உள்ள தூரமோ குறையவில்லை. மிதிவண்டியே பெரும்பாலோரின் ஊர்தியாயிற்று. அதனால் இயலாத காரியங்களுக்கு மோட்டார் வண்டி வேண்டியிருந்தது; மோட்டார் வண்டிக்கோ பெற்றோல் இல்லை. விளக்கெரிப்பதற்கென அளவோடு அனுமதிக்கப்பட்ட மண்ணெண்ணெய் ஒன்றே எஞ்சி நின்றது.

பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் மசகெண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்பொழுது இலகுவில் ஆவியாகும் பகுதி பெற்றோலாகவும், அதனினும் மிகுந்த வெப்பத்தில் ஆவியாகும் பகுதி மண்ணெண்ணெயாகவும் பிரிகின்றன. பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை முதல் 200 பாகை செல்சியசு வரையிலும், மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகை முதல் 300 பாகை வரையிலும் கொதித்து ஆவியாகும். பெற்றோலின் ஆவி கடுங்குளிரிலும் தீப்பற்றும் இயல்பினது. மண்ணெண்ணெயோ 38 பாகைக்கு மேல் வெப்பமுற்றாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியைத் தராது. வீட்டு விளக்கிற்கு அது தகுதியாயிருப்பதும் இந்தக் குணத்தினாலேயே. விளக்கிற்கு நன்மையாகும் அதே குணம் மோட்டார் இயந்திரத்திற்கு இடையூறாகின்றது.

பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுக்கும் உறுப்புக் காபரேற்றர் எனப்படும். அதன் ஒடுங்கிய வாயினூடே காற்று விரைந்து பாயும்போது சிறு துளையிலிருந்து எரிபொருள் மேலிழுக்கப்பட்டுத் தூவலாகி உருளைக்குள் செல்லும். பெற்றோலாயின் செல்லும் வழியிலேயே பெரும்பாலும் ஆவியாகிவிடும். பிளக்கின் பொறி பட்டதும் எரியும். மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவியாவதில்லை. இயந்திரம் குளிர்ந்திருக்கையில் அது துளிகளாகவே உட்சென்று உருளையின் சுவரை நனைக்கும். எவ்வளவு சுழற்றினும் இயந்திரம் உயிர்பெறாது. ஆனால், இயந்திரம் சூடேறிய பின்னர், அச்சூட்டினாலேயே மண்ணெண்ணெய் ஆவியாகி ஓரளவு நன்றாக எரியும். ஆகவே சிக்கல் முழுவதும் தொடக்கத்தின் சில நிமிடங்களிலேயே தங்கியிருந்தது எனலாம்.

இந்த உண்மை வன்னி மக்களுக்குப் புதியதன்று. தோட்டக் கிணறுகளில் நீரிறைக்கும் சிறிய இயந்திரங்கள் பல, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுமாறு ஆக்கப்பட்டவை. சிறு தாங்கியில் பெற்றோலும் பெரிய தாங்கியில் மண்ணெண்ணெயும் இருக்கும். கமக்காரன் பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கிச் சூடேறியதும் திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவான். பிரித்தானிய நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. கொவென்றி நகரில் 1946 முதல் ஆக்கப்பட்ட பெர்கூசன் உழவு இயந்திரத்தில், 1949 இல், மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடும் வகையொன்றும் வெளிவந்தது. அதுவும் பெற்றோலில் தொடங்கிப் பின்னர் மாற்றப்படுவதே. பொறியியலார் வயலுக்கென வகுத்த முறையை வன்னி மெக்கானிக்குகள் தெருவிற்குக் கொண்டுவந்தனர் என்று கூறுதல் பொருந்தும்.

எல்லா வண்டிகளும் இதற்கு இணங்கவில்லை. இணங்கியவற்றுள் முதன்மையானவை 1940களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைக்கு வந்த ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலக் கார்களாம். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அவற்றின் அழுத்த விகிதம் குறைவு. உருளைக்குள் வரும் கலவையை ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவிலேயே அவை நெருக்கும். இக்காலக் கார்கள் பலவற்றில் அது 10க்கு 1 அல்லது அதனினும் மேலாகும். மண்ணெண்ணெய்க் கலவையை மிகுதியாக நெருக்கினால் எரிதல் ஒழுங்கு குலைந்து, சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை இயந்திரத்தினுள் எழும். இரண்டாவது, கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளிச்செல்லும் குழாயும் அவற்றில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்திருந்தமையால், புகைக் குழாயின் சூடு கலவைக்கு எளிதிற் கிட்டியது. மூன்றாவது, அவற்றின் உறுப்புகள் யாவும் திருகாணியும் திறப்பும் கொண்டு கழற்றித் திருத்தத்தக்கவை. மின்கலம் வலுவிழந்த காலத்தில் முன்புறத்தே கைபிடியை மாட்டிச் சுழற்றியும் பலவற்றைத் தொடக்கலாம். நாகரிகத்திற் பின்தங்கியவை என்று ஒதுக்கப்பட்ட வண்டிகளே நெருக்கடியில் முன்வந்து நின்றன.

தொடக்கும் முறை வருமாறு. முறைப்படி பெற்றோலுக்கு ஒரு சிறு தாங்கி வேண்டும். ஆனால் பெற்றோல் மருந்துபோல் அளந்து பேணப்பட்ட காலமாதலின், சிறு போத்தலொன்றில் அதனைச் சேமித்து, காற்று வடிகட்டியைக் கழற்றிக் காபரேற்றரின் வாயிற் சில துளிகளை விடுவர். உடனே இயந்திரத்தைச் சுழற்ற, அத்துளிகளின் வலிமையால் அது உயிர்பெறும். அந்நேரத்தில் மிதியைச் சற்று அழுத்தி வேகத்தைத் தளரவிடாது காத்தால், தாங்கியிலிருந்து வரும் மண்ணெண்ணெய் திக்கித் திணறி எரியத் தொடங்கும். வெண்புகை பின்புறத்தில் மண்டும்; நாற்றம் கண்ணைக் கரிக்கும். சில நிமிடங்களிற் சூடேறியதும் புகை தணிந்து ஓட்டம் சீராகும். வழியில் வண்டியை நிறுத்துவதற்கு ஓட்டுநர் அஞ்சுவர். இயந்திரம் ஆறிவிட்டால் மீண்டும் சில துளி பெற்றோல் வேண்டுமன்றோ? சூடான இயந்திரத்தின் அருகே பெற்றோலைத் துளிப்பது தீ விபத்திற்கு இடந்தரும் செயல் என்பதையும் இங்குக் கூறாதிருத்தல் தகாது.

இம்முறையால் விளைந்த கேடுகளும் பல. முற்றாக எரியாத எண்ணெய் கரியாகிப் பிளக்கின் முனையிற் படியும். அதனை அடிக்கடி கழற்றிச் சுரண்டித் துடைத்தல் வேண்டும். பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பிற்படுத்தினால் அடிக்கும் ஓசை குறையும். ஆயினும் வண்டியின் வலிமையும் உடன் குறையும். யாவற்றினும் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது. உருளைச் சுவரில் ஒட்டிய மண்ணெண்ணெய் மெல்லக் கீழிறங்கி அடியிலுள்ள இயந்திர ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப்போனால் உராய்வைத் தடுக்கும் ஆற்றலை இழக்கும். தாங்கு உறுப்புகள் தேய்ந்து அழியும். ஒயில் அளவுகோலை எடுத்துப் பார்க்கும்போது மட்டம் குறையாது உயர்ந்திருப்பின், அதனைக் கண்டு மகிழ்தல் கூடாது. மண்ணெண்ணெய் கலந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. ஒயிலை வழக்கத்தினும் விரைவில் மாற்றுவதே இதற்குரிய பரிகாரம். ஒயிலும் அரிதாயிருந்த காலத்தில் அப்பரிகாரம் எளிதாயிருக்கவில்லை.

டீசல் இயந்திரங்களின் நிலை வேறு. அங்குப் பொறி இல்லை. காற்றை மிகுதியாக நெருக்குவதால் எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்றும். மண்ணெண்ணெய் அதிலும் எரியும். ஆனால், டீசலுக்கு இயல்பாயுள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லாமையால், எரிபொருளைத் தள்ளும் நுண்ணிய பம்பு வறண்டு தேயும். சிறிதளவு வேறு எண்ணெயைக் கலந்து அவ்வழுவழுப்பைக் கொடுப்பதே அறிந்தோர் கைக்கொள்ளும் உபாயமாகும்.

பழைய வண்டியைத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் முயற்சி உலகெங்கும் உண்டு. அமெரிக்க நாட்டில் 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் தானாகக் கியர் மாறும் அமைப்பு இடம்பெற்று, பின்னர் பெரிதும் பரவிற்று. அதில் எண்ணெயின் அழுத்தமே வால்வுகளை நகர்த்திக் கியரை மாற்றுகின்றது. செய்தவர்கள் பயணியின் சுகத்தைக் கருதி, கியர் மெல்ல வழுக்கி மாறுமாறு அதனை அமைத்தனர். அவ்வழுக்கலாற் சூடு மிகுந்து உள்ளிருக்கும் தகடுகள் தேய்வதைக் கண்ட சிலர், 'ஷிப்ட் கிட்' எனப்படும் சிறு பொதியை வாங்கி, வால்வுத் தொகுதியின் வில்களை மாற்றியும் எண்ணெய்த் துளைகளை அளவாகப் பெருப்பித்தும், கியர் விரைந்து உறுதியாக மாறுமாறு செய்துகொள்கின்றனர். அதற்கான உறுப்புகள் கடையிற் கிடைக்கின்றன; செய்முறைத் தாளும் உடன் வருகின்றது. வன்னி மெக்கானிக்கிற்கு உறுப்பும் இல்லை, தாளும் இல்லை. எனினும் இருவர் செயலுக்கும் அடிப்படை ஒன்றே. இயந்திரத்தை ஆக்கியவன் எதற்காக எதனை விட்டுக்கொடுத்தான் என்பதை உணர்ந்தவனே அதனைத் திருத்த வல்லவன். உணராது கைவைப்பவன் கெடுப்பான்.

இத்தகைய திறமையைப் புகழும்போது மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. அந்த மண்ணெண்ணெய் விளக்கிற்குரியது. போத்தலின் அடியிற் சிறிது எண்ணெயும் மெல்லிய திரியும் வைத்து எரித்த ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலேயே மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். வண்டி ஒரு கட்டை தூரம் ஓடச் செலவாகும் எண்ணெய் அவ்விளக்கைப் பல இரவுகள் எரிக்கப் போதும். ஆகவே வண்டியை எடுப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு முறையும் ஓர் அறக்கேள்வியாயிற்று. பிரசவ வேதனையுற்ற பெண்ணுக்கும், பாம்பு தீண்டியவனுக்கும் வண்டி வேண்டும். அத்தருணத்தில் போத்தலிலுள்ள சில துளி பெற்றோலே உயிருக்கும் இறப்புக்கும் இடையில் நின்றது. மண்ணெண்ணெய் வண்டியை விந்தையாகவும் வேடிக்கையாகவும் பேசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2002 ஆம் ஆண்டில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டு, ஏ-9 நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டதும் பெற்றோல் தடையின்றி வந்தது. 2006 ஓகஸ்டில் அப்பாதை மீண்டும் மூடப்பட, பழைய தட்டுப்பாடும் திரும்பிற்று. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபின் அந்நிலை நீங்கியது. இன்று வன்னித் தெருக்களில் ஓடும் யப்பானியக் கார்களிற் காபரேற்றர் இல்லை. மின்னணுக் கருவி எரிபொருளை அளந்து பீய்ச்சுகின்றது. அவற்றில் மண்ணெண்ணெயை ஊற்றுவோர் பீய்ச்சிகளையும் உணரிகளையும் புகை தூய்மையாக்கும் உறுப்பையும் ஒருங்கே கெடுத்துக்கொள்வர். 2022 இல் நாடு முழுவதும் எரிபொருட் பஞ்சம் வந்தபோது பழைய உபாயம் இப்புதிய வண்டிகளுக்கு உதவக்கூடியதாய் இருக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலையும் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. அதனால் பெரிதும் வருந்தியோருள் முல்லைத்தீவு மீனவரும் அடங்குவர். அவர்தம் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பல, பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவையே. தெருவில் மறைந்த முறை கடலில் இன்னும் வாழ்கின்றது.

தடைக்காலத்து மெக்கானிக்குகள் பலர் முதுமை எய்திவிட்டனர். சிலர் மறைந்தும் போயினர். எந்தத் திருகாணியை எத்தனை சுற்றுத் திருப்பினார்கள், எந்த ஓசையைக் கேட்டு எந்தக் குறையை அறிந்தார்கள் என்பவை பெரும்பாலும் ஏட்டில் ஏறாத அறிவுகளாம். தொழிற்கல்வி பயிலும் இளைஞர் அவர்களிடம் சென்று கேட்டுக் குறித்துவைத்தல் நன்று. அத்தகைய காலம் மீண்டும் வரவேண்டும் என்பதற்காக அன்று. வெப்பம், ஆவி, அழுத்தம், உராய்வு எனப் பாடநூல் கூறும் யாவற்றையும் ஒரு பழைய ஒஸ்ரின் காரின் முன் நின்று கண்ணாரக் கற்பிக்க வல்ல ஆசிரியர்கள் அவர்களே என்பதற்காக.