சாலையில் வண்ணம் பூசுமுன்: ஆபத்தும் உரிமையும் தீர்வும்

டிசம்பர் 31 இரவு பத்து மணிக்கு மேல் தமிழ்நாட்டில் பல தெருக்களில் பெயிண்ட் வாசனை அடிக்கும். எனாமல் டப்பாவும் பிரஷ்ஷுமாக இளைஞர்கள் தார்ச்சாலையின் அகலம் முழுக்கப் புத்தாண்டு வாழ்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். தெருவை அலங்கரிப்பது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். மார்கழிக் கோலமும் பொங்கல் கோலப் போட்டியும் இல்லாத ஊர் ஏது? ஆனால் கோலமாவு ஒரு மழையில் கரைந்துவிடும். பெயிண்ட் அப்படிப் போகாது. பல மாதங்களுக்கு அதுவே சாலையின் மேல்தோல் ஆகிவிடுகிறது. அதன்மேல்தான் டூவீலர் பிரேக் பிடிக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் குறுக்கே ஓட வேண்டும், முதியவர்கள் ஊன்றுகோல் ஊன்ற வேண்டும்.

இன்று உள்ளாட்சி அமைப்புகளும், தொண்டு நிறுவனங்களும், கடைக்காரர்களும் நடைபாதையிலும் ஜீப்ரா கிராசிங்கிலும் வண்ண ஓவியம் வரைகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் சாலையில் போடும் எந்த அலங்காரமும் முதலில் சாலையின் ஒரு பாகம், பிறகுதான் ஓவியம். சாலைக்கு உள்ள பாதுகாப்பு விதிகள் அந்த ஓவியத்துக்கும் பொருந்தும். அதைக் கேட்கும் உரிமை அந்த வழியாகப் போகும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

ஏன் வழுக்குகிறது?

தார்ச்சாலையைக் கையால் தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். ஜல்லிகளின் முனைகள் டயரைப் பிடித்துக்கொள்கின்றன. ஜல்லிகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் மழைநீருக்கு இடம் கொடுக்கின்றன. அதனால்தான் ஈரத்திலும் டயர் தரையைத் தொடுகிறது. எனாமல் பெயிண்ட்டைக் கனமாகப் பூசும்போது இந்தப் பள்ளங்கள் அடைபட்டு, மேற்பரப்பு மழமழப்பாகிறது. அதன்மேல் தண்ணீர் ஒரு படலமாக நிற்கும். பிரேக் பிடித்தவுடன் டயர் அந்தப் படலத்தின்மேல் சறுக்குகிறது. நான்கு சக்கர வண்டி சமாளித்துவிடலாம். வளைவில் சாய்ந்து திரும்பும் டூவீலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நடந்து போகிறவருக்கும், குறிப்பாகத் தேய்ந்த ரப்பர் செருப்பு போட்டவருக்கும், இதே கதிதான்.

இந்த வழுக்கலை அளக்கக் கருவி இருக்கிறது. நுனியில் ரப்பர் பொருத்திய ஊசல் ஒன்றை, தண்ணீர் தெளித்த தரையில் உரசிக்கொண்டு போகும்படி வீசுவார்கள். தரையின் பிடிமானம் எவ்வளவு என்பது ஒரு எண்ணாகக் கிடைக்கும். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1436இல் சாலைக் குறியீடுகளுக்கான தொடக்க வகுப்பே 45 புள்ளி. அலங்கார வேலைக்கு டெண்டர் விடும் எந்த அமைப்பிடமும் "ஈரத் தரையில் சோதனை செய்தீர்களா, எத்தனை புள்ளி வந்தது?" என்று கேட்கலாம்.

முறையான வேலை எப்படி நடக்கும்?

நெடுஞ்சாலையில் வெள்ளைக்கோடு போடும் குழுவைச் சற்று நின்று கவனித்தால் நல்ல வேலைக்கும் அரைகுறை வேலைக்கும் உள்ள வித்தியாசம் புரியும். அவர்கள் பயன்படுத்துவது தெர்மோபிளாஸ்டிக். பிசின், நிறமி, சுண்ணாம்புக்கல் தூள், நுண்ணிய கண்ணாடி மணிகள் ஆகியவை கலந்த பவுடர் அது, மூட்டை மூட்டையாக வரும். கேஸ் சிலிண்டர் இணைத்த கொதிகலனில் அதைக் கொட்டி, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை உருக்குவார்கள். கூழான கலவையைத் தள்ளுவண்டியில் ஊற்றி, ஒரே சீரான வேகத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பின்படி கோட்டின் தடிமன் 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

சூடு தணிவதற்குள் அதன்மேல் சதுர மீட்டருக்கு 250 கிராம் கண்ணாடி மணிகளைத் தூவ வேண்டும். மணி பாதி புதைந்து பாதி வெளியே நின்றால்தான் ஹெட்லைட் வெளிச்சம் ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வரும். தூவுவது கொஞ்சம் தாமதமானாலும் மணிகள் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். அப்படிப்பட்ட கோடு பகலில் பளிச்சென்று தெரியும், இரவில் காணாமல் போகும். கண்ணாடி மணி வெளிச்சத்துக்குத்தான், பிடிமானத்துக்கு அல்ல. பரந்த பரப்பில் வண்ணம் பூசும்போது உடைத்த குவார்ட்ஸ் தூளோ பாக்சைட் துகளோ சேர்த்துச் சொரசொரப்பை உண்டாக்க வேண்டும். செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது இதில்தான்.

கண்ணை ஏமாற்றும் படம்

2016இல் அகமதாபாத்தில் தாயும் மகளுமான இரு ஓவியர்கள் வரைந்த முப்பரிமாண ஜீப்ரா கிராசிங்குகள் நாடெங்கும் பேசப்பட்டன. சாலையில் கட்டைகள் மிதப்பதுபோன்ற தோற்றத்தைக் கண்டு வண்டிகள் வேகம் குறைக்கும் என்பது அதன் பின்னுள்ள யோசனை. அந்த வழியில் தினமும் வருகிறவருக்கு அது படம் என்று சில நாட்களில் தெரிந்துவிடும். புதிதாக வருகிறவரோ திடுக்கிட்டுத் திடீர் பிரேக் போடலாம், பின்னால் வருகிற வண்டி மோதலாம்.

வெள்ளைப் பட்டைகளுக்குச் சட்ட மதிப்பு உண்டு. போலீஸோ சிக்னலோ இல்லாத இடத்திலும் ஜீப்ரா கிராசிங்கில் பாதசாரிக்கு வழிவிட வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். சாலைக் குறியீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 35 என்ற தரநூல் இருக்கிறது. பட்டைகளைப் பூவும் மயிலுமாக மாற்றினால் அது கிராசிங்தானா என்ற சந்தேகம் ஓட்டுநருக்கு வரும். அந்தச் சந்தேகத்துக்கான விலையைக் கொடுப்பவர் நடந்து போகிறவர். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள் என்கிறது மத்திய அரசின் ஆண்டறிக்கை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2021இல் லண்டனில் வண்ண கிராசிங்குகள் பற்றி மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. வழிகாட்டி நாய்களும், மறதி நோய் உள்ளவர்களும், பார்வை மங்கியவர்களும் குழம்புகிறார்கள் என்றன. புதிய கிராசிங்குகளை அந்நகரப் போக்குவரத்து அமைப்பு நிறுத்தி வைத்தது. நம் ஊரிலும் நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடுகளோடு பதித்த ஓடுகள் உண்டு. நீள மேடு என்றால் 'நேரே போ', புள்ளி மேடு என்றால் 'கவனம்' என்று காலுக்கும் ஊன்றுகோலுக்கும் சொல்லும் வழி அது. இத்தகைய ஓடு 1967இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதலில் பதிக்கப்பட்டது. அதன்மேல் ஓவியம் வரைவது ஒருவரின் வழியை அழிப்பதற்குச் சமம்.

மஞ்சளில் ஈயம்

மஞ்சள் சாலைப் பெயிண்டில் நீண்ட காலமாகப் பயன்பட்ட நிறமி ஈயக் குரோமேட். வீட்டு, அலங்காரப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தொழில்துறைப் பெயிண்டுகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது. எந்த அளவு ஈயமும் பாதுகாப்பானது அல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். எனவே பள்ளி வாசல், விளையாட்டிடம், குடியிருப்பு நடைபாதை ஆகியவற்றில் வரையும்போது ஈயம் சேர்க்காத பெயிண்ட் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய மஞ்சள் கோட்டைச் சுரண்டி எடுக்கும்போது எழும் தூசியில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

வேலை செய்பவரின் உயிர்

உருகிய தெர்மோபிளாஸ்டிக் தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு எரிக்கும். நீளக்கை உடை, தோல் கையுறை, மூடிய காலணி, முகத்தடுப்பு, இரவில் ஒளிரும் சட்டை இவையெல்லாம் ஒப்பந்ததாரர் தர வேண்டியவை. வண்டிகளைத் திருப்பிவிடும் கூம்புகளும் எச்சரிக்கைப் பலகையும் வேலை தொடங்குமுன் வைக்கப்பட வேண்டும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய பொருளைப் பிய்த்து எடுக்காதீர்கள், பேஸ்ட்டோ இங்க்கோ தடவாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சாலை வேலையும் கட்டுமான வேலைதான். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால் உதவித்தொகை பெறலாம். வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீடு தருவது முதலாளியின் சட்டக் கடமை. தினக்கூலி என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

யாரிடம் அனுமதி?

தெருச் சாலை என்றால் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி. மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகம். தேசிய நெடுஞ்சாலையில் அலங்காரம் என்ற பேச்சே வேண்டாம். எழுத்துப்பூர்வ அனுமதியும் போக்குவரத்துக் காவல் துறையின் ஒப்புதலும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பொதுவழியில் ஆபத்தோ இடையூறோ ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆவது பிரிவின்கீழ் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அனுமதியின்றி பொது இடத்தில் விளம்பரம் எழுதினால், பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிரான 1959ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் பாயும். சாலையை அமைக்கும், பராமரிக்கும் அமைப்புகளுக்கும் பொறுப்பு உண்டு. தரநிலையைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198-ஏ பிரிவு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

பிரச்சினை வந்தால்

முதலில் படம் எடுங்கள். வழுக்கும் இடம், சுற்றுப்புறம், ஈரத் தோற்றம் மூன்றும் தேதியோடு பதிவாகட்டும். பிறகு புகார்: சென்னை மாநகராட்சிக்கு 1913, முதல்வரின் உதவி மையத்துக்கு 1100, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

நடவடிக்கை இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். என்ன பெயிண்ட், எந்தத் தரநிலை, வழுக்கல் சோதனை அறிக்கை, ஒப்பந்ததாரரின் உத்தரவாதக் காலம் ஆகிய நான்கு கேள்விகள் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆபத்து உடனடியாக இருந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பொது இடையூறை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளின் வழி தடைபட்டிருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம்.

அடிபட்டால் சிகிச்சைதான் முதல் வேலை. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். விபத்துப் பதிவேட்டில் "வண்ணம் பூசிய இடத்தில் சறுக்கி விழுந்தார்" என்ற காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் இழப்பீட்டு வழக்கு அந்த வரியில்தான் நிற்கும். சிவில் நீதிமன்றத்தையோ, அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தையோ அணுகலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இந்த உதவி உண்டு.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. இந்த உத்தரவைப் புகார் மனுக்களில் தயங்காமல் எழுதுங்கள்.

வரையவே கூடாதா? தாராளமாக வரையலாம். வண்டி ஓடும் இடத்தை விட்டுவிட்டு, அகலமான நடைபாதையின் ஓரத்தையும் சுவரையும் தேர்ந்தெடுங்கள். வளைவு, சந்திப்பு, வேகத்தடை, ஜீப்ரா கிராசிங், மஞ்சள் ஓடுகள் ஆகியவற்றைத் தொடாதீர்கள். பெயிண்டில் சொரசொரப்புத் துகள் சேருங்கள். காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றி, செருப்புக் காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சறுக்கினால் அன்றே சுரண்டி எடுத்துவிடுங்கள். விழா நாளுக்கு மட்டும் வேண்டுமென்றால் கோலமாவே போதும். அடுத்த வார்டு கூட்டத்தில் உங்கள் தெருவுக்கு வண்ணம் கேட்கும் முன், உங்கள் கவுன்சிலரிடம் வழுக்கல் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதைக் காட்டிய பிறகே பெயிண்ட் டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள்.