மெட்டும் ஒரு சொத்தே
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணிதம்)

எங்கள் விடுதி நண்பர் ஒருவர் குறும்படங்களுக்கு இசையமைக்கிறார். ஒருநாள் ஒப்பந்தத்தாள் ஒன்றைப் படிக்காமலே கையெழுத்திடப் போனார். எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது. எழுத்தறியாத அவர், காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்து இரண்டு காணி நிலத்தை இழந்தவர். மெட்டும் நிலத்தைப் போன்ற சொத்தே. தனித்துத் தொழில் செய்ய விரும்பும் இளம் இசையமைப்பாளர் முதலில் காக்க வேண்டியது அதைத்தான்.

1781இல் மொசார்ட், தம் 25ஆம் வயதில், சால்ஸ்பர்க் பேராயரின் ஊழியத்தை உதறி, வியன்னாவில் தனித்து வாழத் துணிந்தார். பாடம் சொல்லியும் கச்சேரி நடத்தியும் பிழைத்தார். பிறர் அவர் இசையை வாசித்தால் அவருக்குப் பங்கு கிடைக்கும் வழி அன்று இல்லை.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. அதன்படி, படத்துக்கு அமைத்த இசையின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், திரையரங்குக்கு வெளியே அவ்விசை பயன்படும்போது வரும் தொகையில் இசையமைப்பாளருக்குச் சமபங்கு உண்டு. அப்பங்கைத் தம் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாது. எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிக்காவிடில் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும்.

அன்றிரவு இருவரும் அமர்ந்து தாளை வரிவரியாகப் படித்தோம். “எக்காலத்துக்கும்” என்றிருந்ததை “இரண்டு ஆண்டு” என மாற்றக் கேட்டார் நண்பர். அவர்கள் இசையவில்லை. வாய்ப்பு போயிற்று, மெட்டு அவரிடமே இருக்கிறது.

தோழர்களே, நம்மில் பலர் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள். படித்தறிந்து கையெழுத்திடுவதே நம் கல்வியின் முதற்பயன்.