நெகட்டிவ் கவரும் சிவந்த சி டிரைவும்

ஸ்டூடியோவில் படம் எடுத்தால் கையில் ஒரு பழுப்புக் கவர் வரும். மேலே கடையின் பெயர், கீழே பேனாவால் எழுதிய நெகட்டிவ் எண். பல வருடம் கழித்துப் போய் அந்த எண்ணைச் சொன்னாலும், பழைய பெட்டிகளைக் கிளறி இன்னொரு பிரின்ட் போட்டுத் தந்த ஸ்டூடியோக்காரர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வீட்டு கேமராவில் 36 படம் எடுக்கும் ஃபிலிம் ரோல். கழுவி வந்ததும் பிரின்ட் ஆல்பத்துக்குப் போகும். நெகட்டிவ் துண்டுகள் கவரோடு பீரோவுக்குப் போகும். யாரும் யோசித்துச் செய்யாமலேயே ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி இருந்தது. அதன் அருமை இன்றுதான் தெரிகிறது.

அந்தப் படங்களுக்கு எதிரி, ஈரமும் பூஞ்சையும். 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையில் புகுந்தபோது, ஆல்பமும் நெகட்டிவும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த வீடுகளில் இரண்டும் சேர்ந்தே போயின.

இன்றைய டிஜிட்டல் படங்களில் பூஞ்சை பிடிப்பதில்லை. பெரும்பாலும் நாமே அழித்துவிடுகிறோம். கம்ப்யூட்டரில் சி டிரைவின் நீலக் கோடு சிவப்பாகிவிட்டால் போதும், பதறிப்போய் முதலில் கைவைப்பது படங்கள் இருக்கும் ஃபோல்டரில்தான். கண்ணுக்குத் தெரிவது அதுதானே! ஆனால் இடத்தை அடைப்பது பெரும்பாலும் வேறு. மொபைலில் எடுத்த ஒரு படம் மூன்று, நான்கு எம்பி இருக்கும். 4கே தரத்தில் ஒரு நிமிடம் எடுத்த வீடியோவோ சில நூறு எம்பி வரை போகும். கை தவறி ஓடவிட்ட ஒரே ஒரு வீடியோவை நீக்கினால் ஐம்பது படங்களுக்கு இடம் கிடைத்துவிடும். ரீசைக்கிள் பின், அப்டேட்டுக்குப் பின் தங்கிவிடும் பழைய விண்டோஸ் ஃபோல்டர், எப்போதோ இறக்கிய சாஃப்ட்வேர் ஃபைல்கள் எல்லாம் அதற்கடுத்து. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்தால் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அதுவே காட்டும். அங்கே டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். உள்ளே பார்க்காமல் அதை டிக் செய்யாதீர்கள். மெயிலிலும் வாட்ஸ்அப் வெப்பிலும் வந்த குடும்பப் படங்கள் பலருக்கு அங்கேதான் கிடக்கின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்து, 'எல்லாம் கிளவுடில் இருக்கிறது' என்ற நம்பிக்கை. 2015-இல் வந்த கூகுள் ஃபோட்டோஸ், சற்றே சுருக்கிய படங்களுக்கு அளவில்லாத இலவச இடம் கொடுத்தது. 2021 ஜூன் 1 முதல் அது நின்றது. இப்போது மெயில், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபி. அதுவும் நிறைந்ததும் ஆட்கள் அழிக்கத் தொடங்குகிறார்கள். ஆப்பில் டெலிட் கொடுத்தால் மொபைலிலும் போகும், கிளவுடிலும் போகும். பேக்அப் ஆன படம் டிராஷில் 60 நாள்தான் இருக்கும். 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தாலோ, மொபைலில் உள்ள பிரதி மட்டும் போய் கிளவுடில் உள்ளது தங்கும். ஒன்டிரைவ் ஃபோல்டரிலும் டெலிட்டும் ஃப்ரீ அப் ஸ்பேஸும் இப்படித்தான் வேலை செய்யும். இந்த இரண்டு பட்டனுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அம்மா அப்பாவுக்கு அவசியம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தையும் பிரதி என்று எண்ண வேண்டாம். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துதான் போகிறது. எடுத்த தேதியும் அதோடு போவதில்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறோர் இடத்தில். வீட்டு பீரோவில் வைத்த நெகட்டிவுக்குக் குறையாக இருந்த அந்த 'வேறோர் இடம்' இதில் இருக்கிறது.

டிரைவ் சிவந்தால் அவசரப்படாதீர்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் முதலில் காப்பி செய்யுங்கள், கட்-பேஸ்ட் வேண்டாம். அங்கே பத்து இருபது படங்களைத் திறந்து பாருங்கள். கிளவுடிலும் இன்னொரு டிஸ்க்கிலும் அதே படங்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை அழியுங்கள். அந்த இரண்டாவது டிஸ்க்கை வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள்.