வால்வு ஆம்பிளிபயரும் இரண்டு கடைக்காரர்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள சாலையில் இன்று உலகின் பெரிய கம்பெனிகளின் பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-இல் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. 2014-இல் அது மூடப்பட்டதும் நமக்குத் தெரியும். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீள்கிறது. இந்தத் தொழிற்சாலைகளில் மின்னணு வேலை பார்க்கும் இளைஞர்கள் கையாளும் சில உதிரிகள் எள்ளைவிடச் சிறியவை. அவற்றைப் பலகையில் வைப்பதும் ஒட்டுவதும் இயந்திரம். கண்ணால் பார்க்கவே கஷ்டம் என்னும்போது, கையால் பிரித்து மாற்றியமைப்பது எங்கே?

இதற்கு நேர் எதிரான ஒரு கைவேலை உலகெங்கும் நடந்து வருகிறது. அதுதான் கிட்டார் வாசிப்பவர்களுக்கான வால்வு ஆம்பிளிபயரை வீட்டிலேயே செய்வது. செய்ததைப் பிரித்து மாற்றிப் பார்ப்பது. பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். ஆனால் இதன் பின்னணியில் இரண்டு சிறு கடைக்காரர்களின் கதை இருக்கிறது. மளிகைக் கடையானாலும் மொத்த வியாபாரமானாலும் நம் தொழிலுக்கு உதவக்கூடிய கதை என்பதால் இங்கே எழுதுகிறோம்.

வால்வு என்றால் என்ன?

நம்மில் மூத்தவர்களுக்கு வால்வு ரேடியோ நினைவிருக்கும். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் சூடாகி, இளஞ்சிவப்பாக ஒளிர்ந்த பிறகுதான் சத்தம் வரும். அந்தக் கண்ணாடிக் குமிழ்தான் வால்வு. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய சவுண்ட் சர்வீஸ்காரர்களும் ஒரு காலத்தில் வால்வு ஆம்பிளிபயரையே வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான இந்தச் சரக்கை நம் நாட்டிலேயே செய்ய, பெங்களூரில் 1954-இல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வு உற்பத்தியில் இறங்கியது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. விலை குறைவு, சூடு குறைவு, எடை குறைவு. வால்வு ரேடியோக்கள் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போயின.

கிட்டார்காரர்கள் மட்டும் வால்வை விடவில்லை. காரணம், அதன் ஒரு 'குறை'. ஆம்பிளிபயரின் சத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் ஒலி உடையும், கரகரக்கும். வால்வில் இந்த உடைவு படிப்படியாக, மென்மையாக வரும். விரலால் மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் முரட்டுத்தனமாகவும் ஒலிக்கும். இஞ்சினியர் பழுது என்று ஒதுக்கிய சத்தத்தை வாடிக்கையாளர் 'இதுதான் வேண்டும்' என்று கேட்டார். 1964-இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், அந்தக் கரகரப்புக்காகவே ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்து வாசித்தார்!

கணக்கு எழுதியவர் திறந்த ரேடியோ கடை

முதல் கடைக்காரர் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர். இவர் படித்தது கணக்கு. கிட்டார் வாசிக்கவே தெரியாதவர். பொருளாதார மந்த காலத்தில் கணக்கர் வேலை போய்விட்டது. 1938-இல் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் ஊரில், 600 டாலர் கடன் வாங்கி, ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். ரேடியோ ரிப்பேருக்கு வந்தவர்களோடு, ஆம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு இசைக்காரர்களும் வந்தார்கள். எது அடிக்கடி கெடுகிறது, எது கழன்று விழுகிறது, எது தூக்க முடியாத பாரம் என்பதெல்லாம் ரிப்பேர் மேஜையிலேயே அவருக்குப் பாடமாயிற்று. 1940-களில் சொந்தமாக ஆம்பிளிபயர் செய்யத் தொடங்கினார். புதிதாகச் செய்ததை இசைக்காரர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அவர்கள் சொல்லும் குறையைத் திருத்தி அடுத்ததைச் செய்வார்.

அவருக்கு மின்சுற்று வரைபடங்கள் கிடைத்த வழியும் கவனிக்கத்தக்கது. ஆர்.சி.ஏ. போன்ற வால்வு கம்பெனிகள் தங்கள் சரக்கு விற்பதற்காகக் கையேடுகள் அச்சிட்டன. எந்த வால்வுக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்ற பட்டியலோடு, ஆம்பிளிபயர் செய்து பார்க்க மாதிரி வரைபடங்களும் அதில் இருந்தன. புது மசாலா விற்பவர் பாக்கெட்டின் பின்புறம் சமையல் குறிப்பு அச்சிடுவது போலத்தான். அந்தக் குறிப்புகளைப் பார்த்துக் கற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஃபெண்டரும் அந்த வழியில் வந்தவரே. தம் ஆம்பிளிபயர் உள்ளேயும் எந்தச் சாக்கெட்டில் எந்த வால்வு என்று சீட்டு ஒட்டி அனுப்பினார். ரிப்பேர்காரர் யாரும் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

1965-இல் தம் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டர் விற்றார். தொடக்க முதல் 600 டாலர் கடன் என்பதை நினைத்துப் பாருங்கள்.

டிரம் கடையில் கேட்ட குரல்

இரண்டாமவர் லண்டனைச் சேர்ந்த ஜிம் மார்ஷல். டிரம் வாசித்தும் சொல்லிக் கொடுத்தும் சேர்த்த பணத்தில் 1960-இல் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை திறந்தார். டிரம் வாங்க வந்த இளைஞர்கள் தங்கள் குழுவின் கிட்டார்காரர்களையும் கூட்டி வந்தார்கள். அவர்கள், 'கிட்டாரும் ஆம்பிளிபயரும் ஏன் வைக்கக்கூடாது?' என்று கேட்டார்கள். மார்ஷல் வைத்தார். பிறகு அவர்கள், 'அமெரிக்க ஆம்பிளிபயர் விலை தாங்கவில்லை. அதோடு நாங்கள் கேட்கும் சத்தம் அதில் இல்லை' என்றார்கள். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்சென்ட் அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்.

மார்ஷல் மின்சாரம் அறிந்தவர் அல்லர். ஆனால் கடையில் ரிப்பேர் பார்க்க கென் பிரான் என்பவர் இருந்தார். அவரோடு டட்லி கிரேவன் என்ற பதின்வயது இளைஞரும் சேர்ந்தார். ஃபெண்டரின் 'பாஸ்மேன்' ஆம்பிளிபயரை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்று செய்வார்கள், வாசித்துப் பார்ப்பார்கள், ஒதுக்குவார்கள். ஐந்து மாதிரிகளை ஒதுக்கி, ஆறாவதில்தான் தாம் தேடிய சத்தம் கிடைத்தது என்று மார்ஷல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1962-இல் அது விற்பனைக்கு வந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்க உதிரிகள் இங்கிலாந்தில் விலை அதிகம், எளிதில் கிடைக்காது. ஆகவே டிரான்ஸ்பார்மர் உள்நாட்டுச் சரக்கு. முதல் கட்டத்தில் அதிகப் பெருக்கம் தரும் 12ஏஎக்ஸ்7 வால்வைப் போட்டார்கள். கடைசிக் கட்டத்தில் அமெரிக்க வால்வுக்குப் பதிலாக விரைவில் பிரிட்டனின் கேடி66 வந்தது. பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு. இவர்கள் மூடிய பெட்டியில் 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர் நான்கு வைத்தார்கள். வரைபடம் ஏறக்குறைய ஒன்றுதான். கைக்குக் கிடைத்த சரக்கு மாறியதால் சத்தமே மாறிப்போய், அதுவே புது முத்திரையாயிற்று. மாற்றியமைக்கும் பொழுதுபோக்கின் அடிப்படை இதுதான்: ஒரு கண்டன்சரின் அளவை மாற்றினால் அடித்தொனி கூடும், ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் உடைவு முன்னதாகவே வரும். எல்லா உதிரியும் விரலால் பிடிக்கும் அளவில் இருப்பதால், சால்டரிங் கோல் பிடிக்கத் தெரிந்தவர் மாலை நேரத்தில் உட்கார்ந்து செய்யலாம்.

ஒற்றை ஏஜென்சியின் விலை

மார்ஷலின் கதையில் வணிகர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய மற்றொரு பகுதி உண்டு. 1965-இல் ரோஸ்-மாரிஸ் என்ற விநியோக நிறுவனத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டார். தொழிற்சாலையைப் பெரிதாக்கப் பணம் கிடைத்தது. ஆனால் ஏற்றுமதிச் சரக்கில் தம் விலைக்கு மேல் 55 சதவீதம் ஏற்றினார்கள் என்றும், அதனால் வெளிநாட்டுச் சந்தை நீண்ட காலம் கைநழுவியது என்றும் மார்ஷல் பிறகு வருந்தினார். இதுவரை சரக்கு எடுத்துவந்த பழைய வியாபாரி நண்பர் ஜானி ஜோன்ஸுக்கு இனி நேரடியாகக் கொடுக்க முடியாத நிலை. அவருக்காக 'பார்க்' என்ற வேறு பெயரில் அதே ஆம்பிளிபயரைச் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே கையில் முழு விற்பனையையும் நீண்ட காலத்துக்கு எழுதிக் கொடுக்கும் முன், அந்தக் கை விலையை எப்படி வைக்கும், பழைய வாடிக்கைக்காரர் கதி என்ன என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஏஜென்சி எடுக்கும் நமக்கும் கொடுக்கும் கம்பெனிக்கும் இது பொருந்தும்.

கொள்முதலிலும் இதே பாடம். மேல்நாட்டு வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின், ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என விரல்விட்டு எண்ணும் இடங்களிலிருந்துதான் புது வால்வு வந்தது. 2022 மார்ச்சில் ரஷ்யா பல பொருட்களின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அங்குள்ள தொழிற்சாலையின் உரிமையாளரான அமெரிக்க நிறுவனம், வால்வு வராது என்று அறிவித்தது. உலகெங்கும் கடைகளில் சரக்கு காலியாயிற்று, விலை ஏறிற்று. அதே மாதத்தில் ஏற்றுமதி தொடரும் என்று செய்தி வந்தாலும் ஏறிய விலை பழையபடி இறங்கவில்லை. பாமாயிலிலும் பருப்பிலும் நாம் பார்த்த ஆட்டம்தான் இது.

உதிரி விற்பவர் கவனத்துக்கு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் ரெசிஸ்டர் முதல் ஸ்பீக்கர் வரை கிடைக்கிறது. டிரான்ஸ்பார்மரை அளவு சொல்லிச் சுற்றி வாங்கலாம். பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரையுள்ள பழைய, உபயோகிக்காத வால்வுகளைத் தேடி வாங்குபவர்களும் உண்டு. இத்துறையில் இருக்கும் நம் உறுப்பினர்கள் மூன்று விஷயங்களை மனதில் கொள்ள வேண்டும்.

ஒன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. வால்வு ஆம்பிளிபயரின் உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்சாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் ஆளையே கொல்லும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். எர்த் ஒயர் இல்லாத இரண்டு முனை பிளக் கூடவே கூடாது. வாங்க வரும் பையன் புதியவன் என்று தெரிந்தால் இந்த நான்கு வார்த்தை சொல்லி அனுப்புவது நம் கடமை.

இரண்டு, கண்டன்சரும் காலாவதியாகும் சரக்கு. ஆண்டுக்கணக்கில் கிடந்த எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் உள்ளே உலர்ந்துவிடும். உயர் மின்னழுத்தத்தில் வெடிக்கவும் செய்யும். தேதி பார்க்காமல் விற்கக்கூடாது. 450 வோல்ட் கேட்பவருக்கு 350 வோல்ட் கொடுத்து 'இதுவும் ஓடும்' என்பது, புழுத்த பருப்பை மேலே நல்லது போட்டு நிறுப்பதைவிட மோசம்.

மூன்று, அமெரிக்கச் சரக்கு 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். விற்கும்போதே சொல்லிவிட்டால் கடைக்குக் கெட்ட பெயர் வராது.

நம் கடைக்கு என்ன?

ஒரகடத்தில் செய்யப்படும் புல்லட்டை வாங்கியவர் அதோடு நிற்பதில்லை. கைப்பிடி, சீட்டு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்கிறார். அந்த மாற்றத்தை நம்பியே எத்தனையோ சிறு கடைகள் பிழைக்கின்றன. பெரிய தொழிற்சாலை லட்சக்கணக்கானவருக்கு ஒரே அளவில் செய்து தள்ளுகிறது. 'எனக்கு இப்படி வேண்டும்' என்று ஒருவர் சொல்லும்போது கேட்பதற்குச் சிறு கடைதான் உண்டு.

இந்தச் சாலையோர மளிகைக் கடைகளிலேயே இதைப் பார்க்கலாம். ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்கள் வந்து கடுகெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டபோது, 'இங்கே அது ஓடாது' என்று அனுப்பியவரும் உண்டு. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, சௌகார்பேட்டை மண்டியில் விசாரித்து, அடுத்த வாரம் ஐந்து பாட்டில் வாங்கி வைத்தவரும் உண்டு. யார் கடையில் இன்று அவர்கள் மாதக் கணக்கு வைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிட்டார் வாசிக்கத் தெரியாத ஒருவரும் மின்சாரம் அறியாத ஒருவரும் ஆம்பிளிபயர் தொழிலில் உலகப் பெயர் பெற்றார்கள். தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் சொன்ன குறையைக் கோபப்படாமல் கேட்டார்கள். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய சரக்கையெல்லாம் ஒரு மாதம் எழுதி வாருங்கள். எந்தப் பெயர் மூன்று முறைக்கு மேல் வருகிறதோ, அதைச் சிறிய அளவில் வாங்கி வைத்துப் பாருங்கள்.