நிலவறையும் தானிய சேமிப்பும்

அறுவடைக் காலத்தில் விலை தாழ்ந்திருப்பதும், சில மாதம் சென்றபின் ஏறுவதும் குடியானவர் அறிந்ததே. கூட்டுறவுச் சங்கத்தில் தானிய ஈட்டின்பேரில் கடன் பெற்றுக் காத்திருப்போர் அவசர விற்பனையைத் தவிர்க்கலாம். ஆனால் காத்திருக்கும் காலத்தில் தானியம் கெடாதிருத்தல் வேண்டும். அதற்குப் பண்டையோர் கையாண்ட வழிகளுள் ஒன்று நிலவறை.

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னைப் பெருஞ்சாலையை அடுத்துள்ள இரஞ்சன்குடிக் கோட்டையில் நிலத்தடி அறைகள் இருப்பதை நம்மவர் பலர் கண்டிருப்பர். மண்ணுக்கு அடியில் கோடை வெப்பம் எளிதில் புகாது. தானியத்தை நிரப்பி வாயை இறுக மூடிய குழியில் மற்றொரு நன்மையும் உண்டு. தானியமும் அதிலுள்ள வண்டுகளும் சுவாசிப்பதால் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு மிகும், வண்டுகள் மடியும். மால்டா தீவில் பாறையைக் குடைந்து அமைத்த தானியக் குழிகளும் இம்முறையைச் சேர்ந்தவையே.

ஆயினும் நம் பகுதியில் மிகுந்துள்ள கரிசல் மண் மழையில் ஊறி வீங்கும், கோடையில் வெடிக்கும். ஆதலால் தரையும் சுவரும் ஈரம் கசியாதபடி கட்டப்படாத அறையில் தானியம் வைத்தலாகாது. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் உண்டாகும் நஞ்சு வேகவைத்தாலும் முற்றும் நீங்காது. மக்காச்சோளத்தை ஈரம் நூற்றுக்கு 12 பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்திய பின்னரே சேமித்தல் நலம்.

சின்ன வெங்காயத்திற்கு நிலவறை ஒவ்வாது. அதற்குக் காற்றோட்டம் இன்றியமையாதது. செட்டிகுளம் பக்கத்தார் வெங்காயத்தைத் தரைக்குமேல் பட்டறை போட்டு வைப்பது இதனாலேயே.

முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. வண்டைக் கொல்லும் அதே காற்று மனிதனையும் கொல்லும். அடைத்த அறையைத் திறந்தவுடன் இறங்கியவர் கூக்குரலிடவும் நேரமின்றி மயங்கி வீழ்வர். அவரை மீட்க இறங்குபவரும் அவ்வாறே வீழ்வர். விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. விளக்கு அணைந்தால் அபாயம் நிச்சயம். அணையாவிடினும் அபாயமில்லை என்று கொள்ளலாகாது. வாயை நெடுநேரம் திறந்து வைத்து, விசிறி கொண்டு புதுக்காற்றைச் செலுத்துக. இடுப்பில் கயிறு கட்டாமலும், மேலே இருவர் நில்லாமலும் எவரும் இறங்கற்க. ஒருவர் வீழ்ந்துவிட்டால் கயிற்றால் மேலே இழுக்க. பின்தொடர்ந்து இறங்காது, தீயணைப்பு நிலையத்தாரை உடனே அழைக்க.

கெட்ட தானியத்தை அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். போன உயிரை ஈடு செய்ய இயலாது.