பச்சை வயலில் பட்டினிச் சாவு

பஞ்சத்தைப் பற்றிப் படம் எடுப்பவர் வண்ணத்தில் எடுக்கலாமா? வெடித்த நிலமும் வற்றிய குளமும் அல்லவா காட்ட வேண்டும்? 1973-ல் சத்யஜித் ராயின் ‘அசனி சங்கேத்’ வெளிவந்தபோது சிலர் இப்படித்தான் குறைபட்டுக் கொண்டனர். வயல் பச்சைப் பசேலென்று இருக்கிறதாம், ஆறு பளபளக்கிறதாம், பட்டினியை ராய் அழகாக்கிவிட்டாராம்!

தோழர்களே, அந்தப் பச்சைதான் குற்றப்பத்திரிகை!

1943-ல் வங்கத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். முந்திய ஆண்டு புயல் அடித்தது உண்மை. பயிரில் நோய் கண்டதும் உண்மை. அதனால் மட்டுமா இத்தனை பிணம்? பர்மா ஜப்பான் வசம் போயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கிவிடக் கூடாதென்று கரையோர மாவட்டங்களில் படகுகளைப் பறித்தது வெள்ளை அரசு. ஆறே சாலையான நாட்டில் படகைப் பறித்தால் மீனவன் எதைத் தின்பான்? நெல் எப்படிச் சந்தைக்குப் போகும்? பட்டாளத்துக்கும் கல்கத்தாவின் யுத்தத் தொழில்களுக்கும் முதலில் அரிசி போயிற்று. பதுக்கல்காரன் களஞ்சியத்தைப் பூட்டினான். விலை ஏறிற்று, கூலி ஏறவில்லை. 1943-ல் இருந்த உணவு, பஞ்சமில்லாத 1941-ல் இருந்ததைவிடக் குறைவல்ல என்று அமர்த்தியா சென் 1981-ல் நூலாகவே எழுதி வாதிட்டார். அதை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பச்சை வயலால் சொல்லிவிட்டார் ராய்.

மூலக்கதை, ‘பதேர் பாஞ்சாலி’ எழுதிய விபூதிபூஷண் பந்தோபாத்யாயருடையது. அவர் கட்சி எழுத்தாளரல்லர். கதையில் கொடியுமில்லை, ஊர்வலமுமில்லை. ஆற்றில் குளிக்கும் அனங்கா, வானில் போகும் போர் விமானங்களைப் பார்த்துக் கொக்குக் கூட்டமென்று வியக்கிறாள். அவள் கணவன் கங்காசரண் அந்த ஊருக்கு ஒரே பிராமணன். புரோகிதம், வைத்தியம், வாத்தியார் வேலை மூன்றும் அவனுக்கே. ஊரார் அறியாமையில் வயிறு வளர்த்தவன், அரிசி மறைந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். முகம் வெந்த செங்கற்சூளைக்காரனைக் கண்டாலே அருவருத்த சுட்கி, அரிசிக்காகக் கடைசியில் அவனோடு போகிறாள். தீண்டத்தகாதவளென்று ஒதுக்கப்பட்ட மோத்தி மரத்தடியில் விழுந்து சாகிறாள். ஊரில் அதுதான் முதற் பட்டினிச் சாவு. தொட ஆளில்லை. அந்தப் புரோகிதன் குனிந்து அவள் கையைப் பிடித்து நாடி பார்க்கிறான்! சாதி ஒழிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் அந்தக் கை பேசுமளவு பேச முடியுமா? “நம் கதைகளில் கோஷம் போதவில்லை” என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கும் தோழர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

இந்த வழிக்கு விதை போட்டது இந்திய மக்கள் நாடக மன்றம். பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ நாடகத்தை, பஞ்சத்தின் சுவடு மாறுமுன்பே, 1944-ல் மேடையேற்றியது அது. மிருணாள் சென்னும் அந்த மன்றத்தோடு உறவாடியவர். அவருடைய 1960 படம் ‘பைஷே ஷ்ராவண்’ ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே பசி புகுந்ததைக் காட்டுகிறது. மனைவிக்கு மிச்சம் வைக்காமல் கணவன் தின்றுவிடுகிறான். அதைவிடக் கொடிய காட்சியை நான் திரையில் பார்த்ததில்லை.

ஆனால் அவர் 1980-ல் எடுத்த ‘அகாலேர் சந்தானே’ வேறு ரகம். இம்முறை கேள்வி சினிமாக்காரனை நோக்கியே! 1943 பஞ்சத்தைப் படம்பிடிக்கப் பட்டணத்துக் கோஷ்டியொன்று கிராமத்துக்குப் போகிறது. தங்கள் சாப்பாட்டுக்குச் சந்தையில் கிடைப்பதையெல்லாம் வாங்கிக் குவிக்கிறது. விலை ஏறுகிறது. பஞ்சத்தைப் படம்பிடிக்க வந்தவர்கள் பஞ்சத்தையே கூட்டி வந்துவிட்டார்கள் என்று ஊரார் முணுமுணுக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் நடிகை ஸ்மிதா பாட்டீல் பட்டினிப் புகைப்படங்களைக் காட்டி, எந்த ஆண்டு எடுத்ததென்று கேட்கிறார். 1943 என்று சொன்னால் 1959; அதையும் தாண்டி 1971! எலும்பில் ஆண்டு எழுதியா இருக்கிறது?

பஞ்ச காலத்தில் வயிற்றுக்காகத் தன்னை விற்ற பெண்ணாக நடிக்க ஊரில் ஆள் தேடினார்கள். அங்கேதான் வந்தது வினை. அந்தக் காலத்தில் ஏழைகளின் நிலத்தைச் சுருட்டிய குடும்பங்கள் இன்றும் அங்கே பெரிய மனிதர்களல்லவா? கௌரவம் போச்சென்று கொதித்தார்கள். கோஷ்டி மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பிற்று. அவர்களுக்கு வேலை செய்து கொடுத்த துர்கா அங்கேயே நிற்கிறாள். அவள் குழந்தை சாகிறது. கணவனைக் காணோம்.