படைக் கல்லூரிகளும் மாணவர்களும்

"ஐயா, இராணுவக் கல்லூரிகளுள் எது சிறந்தது?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் கல்லூரி ஆசிரியனாக இருந்ததோடு, தேசிய மாணவர் படையின் பிரிவு ஒன்றையும் பல ஆண்டுகள் கவனித்து வந்தவன். ஆதலால் இவ்வினா என்னைத் தேடி வருவதில் வியப்பில்லை. ஆனால் இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலுவதில்லை. 'இராணுவக் கல்லூரி' என்று நாம் பொதுப்படக் கூறும் பெயருக்குள், ஒன்றோடொன்று ஒப்பிடவே இயலாத நான்கைந்து வகை நிலையங்கள் அடங்கியிருக்கின்றன. ஆறாம் வகுப்புச் சிறுவனைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியும் அதில் உண்டு. பட்டம் பெற்று வந்தவரை ஓராண்டுக்குள் அதிகாரியாக்கி அனுப்பும் பயிற்சிக்கூடமும் உண்டு. இவற்றை ஒரே தராசில் நிறுப்பது எவ்வாறு?

ஆகவே, சிறப்பு எது என்ற வினாவை ஒதுக்கிவைத்து, வேறு இரண்டு வினாக்களைக் கேட்டுக்கொள்ளுமாறு நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். எந்த வயதில், எவ்வளவு இறுக்கமாக, இந்த நிலையம் என்னைப் படைத்தொழிலோடு பிணைக்கிறது? இடைவழியில் திரும்ப நேர்ந்தால் என் கையில் என்ன இருக்கும்? இவ்விரண்டையும் கேட்டுவிட்டால், விளம்பரப் படங்களில் காணும் பளபளப்பான உடையும் வாளும் நம் கண்ணை மயக்கமாட்டா.

முதலில் சைனிக் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். வி. கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1961-ஆம் ஆண்டு இப்பள்ளிகள் தோன்றின. முதலாவது பள்ளி மகாராஷ்டிரத்தில் சாத்தாராவில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் ஒன்று கிடைத்தது. உடுமலைப்பேட்டைக்கு அப்பால், அமராவதி அணையின் அருகே, ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962 ஜூலையில் தொடங்கிற்று. வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகளே அதிகாரிப் பதவிக்குச் செல்லும் நிலையை மாற்றி, எல்லா மாநிலத்துச் சாதாரணக் குடும்பங்களிலிருந்தும் அதிகாரிகள் வரவேண்டும் என்பதே இப்பள்ளிகளின் நோக்கம். ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் மாணவர் சேர்க்கப்படுகின்றனர். இடங்களில் 67 விழுக்காடு அந்தந்த மாநிலத்து மாணவர்க்கு உரியது. 2021-22 கல்வியாண்டு முதல் பெண்களும் இப்பள்ளிகளில் பயில்கின்றனர்.

தமிழ்வழியில் படிக்கும் மாணவர் அறியவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. ஆறாம் வகுப்புக்கான நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கோ ஆங்கிலம் ஒன்றுதான். ஆகையால் சிற்றூர்ப் பள்ளியில் பயிலும் சிறுவனுக்கு வாயில் அகலமாகத் திறந்திருப்பது பத்துப் பன்னிரண்டு வயதில். அவ்வயதில் அவனுக்காக முடிவு செய்பவர் தந்தையோ தாயோ அன்றி வேறு யார்?

ஆனால் இதில் அச்சப்பட ஒன்றுமில்லை. சைனிக் பள்ளி மாணவனைப் படையில் சேரும்படி எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. நடுவண் அரசின் பள்ளிக் கல்வி வாரியப் பாடத்திட்டத்தையே அங்கும் படிக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் மருத்துவமோ பொறியியலோ சட்டமோ எதை வேண்டுமாயினும் நாடலாம். விடுதி வாழ்வு, விளையாட்டு, அதிகாலையில் எழும் பழக்கம் ஆகியவை அவனோடு வருகின்றன. கட்டணம் உண்டென்பதையும், மாநில அரசின் உதவித்தொகை உண்டென்பதையும் பெற்றோர் முன்கூட்டியே விசாரித்து அறிந்துகொள்வது நலம்.

டேராடூனிலுள்ள ராஷ்ட்ரிய இந்திய இராணுவக் கல்லூரி, பெயரளவில்தான் கல்லூரி. 1922 மார்ச்சில் வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்துவைத்தார். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரிக்கு இந்தியச் சிறுவர்களை ஆயத்தம் செய்வதே அன்று அதன் வேலை. இன்றும் அது எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கும் விடுதிப் பள்ளியே. மாணவர் தொகை மிகக் குறைவு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் கிடைப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க இடங்கள். தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்துக்கு மாணவரை அனுப்புவதே தன் பணி என்று அது வெளிப்படையாகக் கூறிக்கொள்கிறது. படைத்தொழிலில் உறுதியான நாட்டம் கொண்ட பிள்ளைக்கு அது ஏற்றது. இன்னும் மனம் தெளியாத பிள்ளைக்குச் சைனிக் பள்ளியின் காற்றோட்டமே மேல் என்பது என் கருத்து. பெங்களூரு, பெல்காம் முதலிய ஐந்து இடங்களில் உள்ள ராஷ்ட்ரிய இராணுவப் பள்ளிகளில் பெரும்பாலான இடங்கள் படைவீரர் பிள்ளைகளுக்கே ஒதுக்கப்பட்டிருப்பதால் அவற்றைப் பற்றி இங்கு விரிக்கவில்லை.

இனி, எல்லாரும் கேட்க விரும்பும் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்துக்கு வருவோம். புனே நகருக்கு அருகே, கடக்வாஸ்லா ஏரிக்கரையில் அது இருக்கிறது. 1949-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் அது முறையாகத் திறக்கப்பட்டது. அதன் தலைமைக் கட்டடத்துக்கு 'சூடான் பிளாக்' என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் சூடான் நாட்டைக் காக்கப் போரிட்ட இந்தியப் படைவீரர்களின் நினைவாக, அந்நாட்டு அரசாங்கம் 1941-இல் ஓர் இலட்சம் பவுன் நன்கொடை அளித்தது. பிரிவினைக்குப் பின் இந்தியாவின் பங்காக வந்தது 70,000 பவுன். வறிய நாடொன்று தந்த பணத்தில் நம் முப்படை அதிகாரிகளின் பள்ளி எழுந்திருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டாகிறது.

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் செல்லவிருக்கும் மாணவர் ஒரே கூரையின்கீழ் மூன்றாண்டுகள் வாழ்வதே இக்கழகத்தின் தனிச்சிறப்பு. இம்மாணவரைக் 'கேடட்' என்று அழைக்கின்றனர். காலையில் உடற்பயிற்சியும் அணிவகுப்பும், பின்னர் வகுப்புகள், மாலையில் விளையாட்டு, இடையிடையே நீச்சலும் குதிரையேற்றமும் என்று நாள் முழுதும் நிறைந்துவிடுகிறது. முடிவில் டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கிறது. அதன்பின் தரைப்படைக்குரியோர் டேராடூனுக்கும், கடற்படைக்குரியோர் கேரளத்து எழிமலைக்கும், விமானப்படைக்குரியோர் ஐதராபாத்தை அடுத்த துண்டிகலுக்கும் மேற்பயிற்சிக்குச் செல்கின்றனர்.

பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயது வரை உள்ள, மணமாகாத மாணவர் விண்ணப்பிக்கலாம். மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. கணிதத்துக்கு 300, பொதுத்திறனுக்கு 600 என மொத்தம் 900 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் வென்றோரைப் படைத்தேர்வுக் குழு ஐந்து நாள் தன்னிடம் வைத்திருந்து சோதிக்கிறது. அதற்கும் 900 மதிப்பெண். புத்தகத்துக்குத் தரும் எடையை மனிதனுக்கும் தருகிறார்கள் என்று இதைக் கொள்ளலாம். மங்கலான படம் ஒன்றைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். ஒரு சொல்லைக் காட்டிப் பதினைந்து நொடிக்குள் வாக்கியம் எழுதச் சொல்வார்கள். பலகையும் கயிறும் பாரமும் தந்து, குழுவாகத் தடையொன்றைக் கடக்கச் சொல்வார்கள். முதல் நாள் வடிகட்டலிலேயே பலர் வீடு திரும்பிவிடுகின்றனர். இதில் தோற்றவனுக்கு இழுக்கு எதுவுமில்லை. வயது இருக்கும்வரை மீண்டும் எழுதலாம்.

எழுத்துத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகிறது. தமிழ்வழி மாணவர்க்கு இது உண்மையான தடை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆங்கிலத்தில் கணித வினாவைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியைப் பதினோராம் வகுப்பிலேயே தொடங்கியவர்கள் இத்தடையைத் தாண்டுகின்றனர்.

பிணைப்பு எவ்வளவு இறுக்கம் என்று இங்கேதான் கருதிப்பார்க்க வேண்டும். பயிற்சிச் செலவை அரசாங்கம் ஏற்கிறது. அதற்கு ஈடாக, மருத்துவக் காரணமின்றித் தானாக விலகும் மாணவனின் பெற்றோர் அச்செலவைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையொப்பமிடுகின்றனர். பதினேழு வயதில் உற்சாகத்தோடு போடப்படும் கையொப்பத்தின் பின்னே இக்கணக்கு இருக்கிறது.

இதைவிடக் கடினமான செய்தி ஒன்றும் உண்டு. பயிற்சியின்போது படுகாயமுற்று, உடல் ஊனத்தால் வெளியேற்றப்பட்ட மாணவர்கள், இன்னும் அதிகாரிகளாக நியமனம் பெறாதவர் என்ற காரணத்தால், முன்னாள் படைவீரர் என்ற நிலையையும் அதனால் வரும் உரிமைகளையும் பெறாமல் நெடுங்காலம் தவித்தனர். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அம்மாதத்திலேயே, முன்னாள் வீரர்க்குரிய மருத்துவ உதவித் திட்டத்தை இவர்களுக்கும் விரிவுபடுத்தி அரசு ஆணையிட்டது. அச்சுறுத்துவதற்காக இதை நான் கூறவில்லை. கல்லூரியைத் தேர்வு செய்யும் குடும்பம் ஒன்று, வெற்றி விழாப் புகைப்படத்தோடு இந்தப் பக்கத்தையும் படித்திருக்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறேன்.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வாயில் அவர்களுக்கு நெடுங்காலம் அடைத்தே இருந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. 2022-இல் முதல் பெண் கேடட்டுகள் கடக்வாஸ்லாவில் சேர்ந்தனர். 2025 மே மாதத்தில் அவர்களுள் பதினேழு பேர் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளியே வந்தனர்.

பட்டம் பெற்றபின் செல்லும் வழிகள் வேறு. டேராடூனிலுள்ள இந்திய இராணுவக் கல்விக்கழகம் 1932-இல் நாற்பது மாணவருடன் தொடங்கியது. அந்த முதல் அணியில் இருந்த மூவர், பின்னாளில் மூன்று நாடுகளின் படைத்தலைவர் ஆயினர்: இந்தியாவுக்கு மானெக்ஷா, பாகிஸ்தானுக்கு மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன். மானெக்ஷா ஓய்வுக்குப் பின் நம் குன்னூரில் குடியேறி வாழ்ந்தது பலர் அறிந்ததே. இங்கே பயிற்சி பெறுவோர்க்கு நிரந்தர நியமனம் கிடைக்கிறது.

மற்றொன்று சென்னையிலேயே, பரங்கிமலையில் இருக்கிறது. 1962-இல் சீனப் போர் நம் படையில் அதிகாரிகள் எத்துணைக் குறைவு என்பதைக் காட்டியது. அதன் விளைவாக 1963-இல் தோன்றிய பயிற்சிப் பள்ளியே இன்று அதிகாரிகள் பயிற்சிக் கழகமாக விளங்குகிறது. 1992 முதல் பெண்கள் இங்குப் பயிற்சி பெறுகின்றனர். பயிற்சிக் காலம் 49 வாரம். நியமனம் குறுகிய காலத்துக்கு உரியது: பத்தாண்டு பணி, விரும்பினால் மேலும் நான்காண்டு. டேராடூனுக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என மூன்று தாள்கள் எழுதவேண்டும். பரங்கிமலைக்குக் கணிதம் இல்லை. இதனால் வரலாறும் இலக்கியமும் படித்தவர்க்கு இவ்வழி எளிது. நிரந்தர நியமனமே உயர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. இருபத்திரண்டு வயதில், பட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தன் மனத்தைத் தானே அறிந்து வருபவர் செய்யும் முடிவுக்கு ஒரு முதிர்ச்சி உண்டு. பத்தாண்டு பணி முடித்து முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதில் வெளியே வருபவர்க்கு இன்னொரு வாழ்க்கை தொடங்கவும் காலம் இருக்கிறது.

இத்தனைக்கும் முன்னே, எவ்விதப் பிணைப்புமின்றிச் சுவைத்துப் பார்க்கத்தக்க ஒரு வழி உங்கள் கல்லூரி மைதானத்திலேயே இருக்கிறது. அதுதான் 1948-இல் ஏற்பட்ட தேசிய மாணவர் படை. அதில் சேர்ந்தவர் இராணுவத்தில் சேரவேண்டும் என்ற கடப்பாடு எள்ளளவும் இல்லை. முகாமில் பத்து நாள் கூடாரத்தில் படுத்து, துப்பாக்கியைத் துடைத்து, வேறு மொழி பேசும் மாணவனோடு ஒரே தட்டில் உண்டு பார்த்தால், இத்தொழில் தனக்கு ஒத்துவருமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சிலர் மூன்றாம் நாளே வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள். வேறு சிலரை முகாம் முடிந்த பின்பும் வண்டியில் ஏற்றுவது கடினம். இரண்டு வகையினரையும் நான் கண்டிருக்கிறேன்.

இதன் 'சி' சான்றிதழை நல்ல தரத்தில் பெற்று, பட்டப்படிப்பில் ஐம்பது விழுக்காடு மதிப்பெண்ணும் பெற்றவர், எழுத்துத் தேர்வு எதுவுமின்றி நேரே படைத்தேர்வுக் குழுவின் முன் செல்லும் சிறப்பு வழி உண்டு. அச்சான்றிதழுக்குப் பொதுவாக மூன்றாண்டுப் பயிற்சி வேண்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டில் வந்து சேர்பவர்க்குக் காலம் போதாது. ஆகவே, இப்பொழுது முதலாண்டு வகுப்பில் இருப்பவர்கள், கல்லூரியின் தேசிய மாணவர் படை அலுவலகத்தில் பெயர்ப் பதிவு எப்பொழுது நடைபெறுகிறது என்பதை இந்த வாரமே விசாரித்துக்கொள்ளலாம்.